தனியாக வண்டியில் காட்டுப்பாதை: எந்த சாட்டிலைட் கருவி வாங்கலாம்?

ஒற்றைத்தடம்:

எல்லோருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வருடத்துக்கு நான்கைந்து முறை தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். டீசல் ஃபோர் வீல் டிரைவ். பழைய வண்டிதான், ஆனால் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் நாள் மதியத்துக்குள் செல்போன் சிக்னல் போய்விடும். அப்புறம் மூன்று நான்கு நாளைக்கு ஒரு கோடுகூட வராது. ஒன்பது வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு வறண்ட ஆற்றுப்படுகையைத் தாண்டும்போது வண்டி ஆக்ஸில் வரை மணலில் இறங்கிவிட்டது. டயரில் காற்றைக் குறைத்தேன், தோண்டினேன், சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தேன். மாலை 3 மணிக்கு ஆரம்பித்த வேலை மறுநாள் காலை 11 மணிக்குத்தான் முடிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது, இரவு வண்டியிலேயே படுத்துவிட்டேன். ஆனால் அன்று இரவு சிக்னல் இருக்கும் இடத்துக்கு வந்து பேசுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என் நண்பர்களை ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே பேச்சு: "ஒண்ணு அந்தக் கருவியை வாங்குங்க, இல்லேன்னா இனிமே நானும் வர்றேன்." வண்டி கொஞ்சம் குலுங்கினாலே அவளுக்கு வாந்தி வரும். அதனால் கருவிதான்.

தேடியதில் மூன்று வகை தெரிந்தது. பட்டனை அழுத்தினால் மீட்புக் குழுவுக்குத் தகவல் போகும் பிஎல்பி. செய்தி அனுப்பவும் வாங்கவும் முடிகிற கார்மின் இன்ரீச், ஸோலியோ மாதிரியான கருவிகள். அப்புறம் சாட்டிலைட் போன். இதற்கு நடுவில், என் புது போனிலேயே சாட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கிறது என்கிறான் மகன். படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. எழுதியிருப்பவர்கள் எல்லாம் நடந்து மலையேறுகிறவர்கள், அவர்களுக்குக் கிராம் கணக்கு. எனக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. வண்டிக்காரர்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது?


நிழல்தேடி:

போனே போதுமே. ஐபோன் 14-இலிருந்து இருக்கிறது, 2022 நவம்பரில் ஆரம்பித்தார்கள். இன்னொரு கருவி, இன்னொரு சார்ஜர், மாதச் சந்தா எல்லாம் எதற்கு? முதலில் நீங்கள் போகிற நாட்டில் அந்த வசதி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா நாட்டிலும் கிடையாது.


செம்மண்புழுதி:

தம்பி, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மணலில் மாட்டிய அன்று கையில் பிஎல்பி இருந்திருந்தால் அழுத்தியிருப்பீர்களா? மாட்டீர்கள். அழுத்தவும் கூடாது. பிஎல்பிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: "உயிருக்கு ஆபத்து, வாங்க." உங்களுக்கு அன்று தேவைப்பட்டது வேறு வாக்கியம்: "மணலில் மாட்டியிருக்கிறேன், நன்றாக இருக்கிறேன், நாளைக்கு வருவேன், தூங்கு." இதைச் சொல்லத் தெரிந்த கருவிதான் உங்களுக்கு வேண்டும்.

நான் பதினான்கு வருடமாகத் தனியாகப் போகிறேன். (பெண் தனியாகப் போகலாமா என்று கேட்பவர்கள் தனித் திரி திறந்துகொள்ளவும்.) வந்த தொல்லைகளை எண்ணிப் பார்த்தால் கிளட்ச் இரண்டு முறை, ரேடியேட்டர் ஹோஸ் ஒரு முறை, பஞ்சரும் மணலும் கணக்கில் அடங்காது. உயிர் பயம் ஒரே ஒரு முறை. நடந்து போகிறவருக்குக் கால் உடைந்தால் அது நேராக எஸ்ஓஎஸ்தான். வண்டிக்காரருக்கு முதலில் உடைவது வண்டி. நிழலும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கும். அங்கே பேச வேண்டிய ஆள் மீட்புக் குழு இல்லை, மெக்கானிக்.

கிளட்ச் போன கதையைச் சொல்கிறேன். பெடல் உள்ளே போனது, திரும்பி வரவே இல்லை. எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கிறவருக்குச் செய்தி அனுப்பினேன்: "பெடல் கீழேயே இருக்கிறது, எண்ணெய்க் கசிவு தெரியவில்லை, கியர் விழவில்லை." இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. இன்ஜினை அணை, முதல் கியரில் போடு, கியரிலேயே சாவியைத் திருப்பு, துள்ளிக்கொண்டு கிளம்பும், அப்புறம் எங்கேயும் நிறுத்தாதே. அப்படியே செய்தேன். தார்ச்சாலை வருகிற வரை இரண்டாம் கியருக்குக்கூட மாற்றவில்லை, குதிரை வண்டி வேகம்தான். இந்த உதவியைப் பிஎல்பி செய்யாது. போனில் இருக்கும் எஸ்ஓஎஸ்ஸும் செய்யாது, அது அவசர மையத்தோடுதான் பேசும். புதிய மாடல்களில் குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்பது உண்மை, ஆனால் அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

போன் போதும் என்ற நண்பருக்கு இன்னொன்று. ஐபோனை 35 டிகிரி வரைக்கும் பயன்படுத்தலாம் என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. இன்ரீச் மினிக்கு 60 டிகிரி வரை. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். அதோடு சாட்டிலைட் எந்தப் பக்கம் போகிறது என்று திரையைப் பார்த்துப் பார்த்துப் போனைத் திருப்பிக்கொண்டே நிற்க வேண்டும். இரண்டு கையும் சரியாக இருக்கிறவருக்குச் சரி.

இனி அந்த உயிர் பயம். சரிவில் நடந்துபோகிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது, கீழ்ப்பக்கம் மண் விலகியது, வண்டி மெதுவாக, யாரோ படுக்க வைப்பது போல, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. சீட் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறேன், இடது தோள்பட்டை எலும்பு போய்விட்டது. கருவி எங்கே? டேஷ்போர்டில் அழகாக ஸ்டாண்டு வைத்து மாட்டியிருந்தேன். ஸ்டாண்டு அப்படியே இருக்கிறது, கருவியைக் காணோம். ஒரு கையால் பெல்ட்டை அவிழ்த்து, பின்னால் தண்ணீர்க் கேன்கள், மாவுப் பை, சமையல் சாமான் எல்லாவற்றையும் நகர்த்தி, கடைசியில் ஜாக்கிக்கு அடியில் கிடைத்தது. நாற்பது நிமிடம். டீசல் வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

எஸ்ஓஎஸ் அழுத்தியதும் மையத்திலிருந்து வரிசையாகக் கேள்வி. எத்தனை பேர்? ரத்தம் போகிறதா? எரிபொருள் கசிகிறதா? வண்டியிலிருந்து தள்ளி உட்கார முடியுமா? எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வர வழி இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதிலால்தான் அவர்கள் பாலம் உடைந்த பக்கமாக வராமல் மேற்கிலிருந்து வந்தார்கள். "வண்டி கிளம்பிவிட்டது, சுமார் ஐந்து மணி நேரம்" என்ற வரியை எத்தனை முறை திரும்பத் திரும்பப் படித்தேன் என்று எனக்கே தெரியாது. யாரோ வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஐந்து மணி நேரம் உட்காருவது வேறு, தெரியாமல் உட்காருவது வேறு.

அதனால் ஒன்றே ஒன்று என்றால், இருவழிச் செய்திக் கருவி. வாங்கிய நாளிலிருந்து அது உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், வண்டியில் இல்லை. நான் இப்போது சட்டைக்கு மேலே ஒரு வார் போட்டு நெஞ்சில் மாட்டிக்கொள்கிறேன். பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.


உப்புக்காற்று:

அக்கா சொன்னதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். பிஎல்பியை இப்படி ஒரு மூலையில் தள்ளிவிட்டதுதான் பொறுக்கவில்லை.

நான் கடலில் இருந்து வந்தவன், படகில் பல வருடம். பிஎல்பியின் சிக்னலைச் சாட்டிலைட்டில் கேட்டு மீட்புக் குழுவுக்குச் சொல்கிற காஸ்பாஸ்-சார்சாட் என்பது 1979-இல் அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து ஆரம்பித்த ஏற்பாடு. பனிப்போர் நடக்கிற காலத்தில்! 1982-இல் முதல் மீட்பு, கனடாவில் விழுந்த ஒரு சின்ன விமானம். அன்றிலிருந்து ஆபத்தில் இருப்பவரிடம் காசு கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தா கிடையாது. கருவியைப் பதிவு செய்தால் போதும், அந்தப் பதிவில் உங்கள் வண்டி விவரமும் வீட்டு எண்ணும் இருக்கும்.

பலத்தைப் பாருங்கள். 406 மெகாஹெர்ட்ஸில் 5 வாட். இன்ரீச் அதிகபட்சம் 1.6 வாட். பிஎல்பி கிட்டத்தட்ட 50 விநாடிக்கு ஒரு முறை அரை விநாடி கத்தும், குறைந்தது 24 மணி நேரம் கத்தும். கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் தனியாக ஒரு சிக்னல், பக்கத்தில் வந்துவிட்ட ஹெலிகாப்டர் அதைப் பிடித்துக்கொண்டே நேரே வந்து இறங்கலாம். (2009-இலிருந்து சாட்டிலைட்கள் அந்த 121.5-ஐக் கேட்பதில்லை. பழைய கருவியை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள்.) பேட்டரி ஐந்து ஆறு வருடம் பெட்டியில் தூங்கிவிட்டு, அழைத்த அன்றைக்கு எழுந்திருக்கும். மொபைல் ஆப் வேண்டாம், புளூடூத் வேண்டாம்.

செய்திக் கருவிக்காரர்கள் சொல்லாத கதை ஒன்று: என்னோடு வந்த ஒருவர் மழைக்காலத்தில் போவதில்லை என்று சந்தாவை நிறுத்தி வைத்தார். அடுத்த பயணத்தில் திரும்பத் தொடங்க மறந்துவிட்டார். மூன்று நாள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது வெறும் பொம்மை. சந்தா இல்லாவிட்டால் எஸ்ஓஎஸ்ஸும் போகாது.

சில புதிய பிஎல்பிகளில் ஐரோப்பாவின் கலிலியோ சாட்டிலைட் வழியாக "கேட்டுவிட்டது" என்று ஒரு ஒப்புதலும் திரும்பி வரும், 2020-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஒரு விளக்கு மினுக்கும், அவ்வளவுதான். அதைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் இருட்டில் அது போதும்.

இன்னொரு விஷயம், எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு. சில நாடுகளில் இந்தச் சாட்டிலைட் கருவிகளை அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். இந்தியாவில் துராயா, இரிடியம் சாட்டிலைட் போன்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். இன்ரீச்சோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். போகிற நாட்டின் சட்டத்தைப் பார்க்காமல் பையில் போடாதீர்கள்.


ஒற்றைத்தடம்:

அக்கா, அந்த ஜாக்கிக்கு அடியில் கிடைத்த கதையைப் படித்ததும் என் டேஷ்போர்டைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்க் கேன் ஒன்றுகூடக் கட்டியிருக்கவில்லை. இன்று கட்டிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். வண்டிக்குள் இருந்தே சிக்னல் கிடைக்குமா, கூரை தகரம்தானே? இன்னொன்று, இரிடியம், குளோபல்ஸ்டார், இன்மார்சாட் என்று ஆளாளுக்கு ஒரு சாட்டிலைட் கம்பெனி பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு அது முக்கியமா?


செம்மண்புழுதி:

முக்கியம்தான், ஆனால் சாட்டிலைட் வானத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

இன்மார்சாட், துராயா எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில், நமக்கு ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். திறந்தவெளியில் அருமை. ஆனால் அந்தத் திசையில் ஒரு மலை இருந்தால் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் மலை நகராது, நீங்கள்தான் நகர வேண்டும். வண்டி நகராத அன்றைக்குத்தானே கருவியே வேண்டும்?

இரிடியம் அப்படி இல்லை. 66 சாட்டிலைட், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று மலைக்குப் பின்னால் மறைந்தால் சில நிமிடத்தில் இன்னொன்று வேறு இடத்தில் தலைகாட்டும். பள்ளத்தில் இருந்தால் செய்தி உடனே போகாது, போய்ச் சேரும். இன்ரீச்சும் ஸோலியோவும் இதில்தான் ஓடுகின்றன. குளோபல்ஸ்டார் சாட்டிலைட்டோ கண்ணாடி மாதிரி, மேலே வந்ததைக் கீழே திருப்பிவிடும். அது திருப்பும் நேரத்தில் ஒரு தரைநிலையமும் அதன் பார்வையில் இருக்க வேண்டும். இரிடியத்தில் சாட்டிலைட்டுகள் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்ளும். ஸ்பாட் என்ற இன்னொரு கருவியும் ஐபோன் எஸ்ஓஎஸ்ஸும் குளோபல்ஸ்டார். நீங்கள் போகிற இடம் அதன் வரைபடத்துக்குள் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூரை பற்றி: தகரத்துக்கு அடியில் வேலை செய்யாது. முன்கண்ணாடியை ஒட்டி வைத்தால் பாதி வானம் தெரியும், பாதையைப் பதிவு செய்ய அது போதும். ஆனால் வெயில் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடி என்றால் அதுவும் தடுக்கும். வாங்கினதும் வண்டிக்குள் வைத்து நான்கைந்து செய்தி அனுப்பிப் பாருங்கள். அவசரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கீழே இறங்கித் திறந்தவெளிக்குப் போய், ஆன்டெனா மேலே பார்க்க, ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு நகர்ந்து உட்காருங்கள். கையில் பிடித்துக்கொண்டு பத்து விநாடிக்கு ஒரு முறை திரையைப் பார்ப்பதால் சீக்கிரம் போகாது. நான் பார்த்திருக்கிறேன்.

சாட்டிலைட் போனைப் பற்றி யாரும் பேசவில்லை. கஷ்டத்தில் ஒரு குரலைக் கேட்பதற்கு ஈடு இல்லை, இன்ஜின் போடும் சத்தத்தை மெக்கானிக்கிடம் நேரடியாகக் காட்டலாம், செய்திக் கருவியின் 160 எழுத்தில் அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தை வாயால் எண் எண்ணாகச் சொல்ல வேண்டும், மறுமுனையில் யாராவது எடுக்க வேண்டும். நான் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

160 எழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. சாதாரண எஸ்எம்எஸ்ஸிலேயே தமிழில் எழுதினால் 160 என்பது 70 ஆகிவிடும். அதிலும் "கொ" என்று ஒரு எழுத்து எழுதினால் இரண்டாக எண்ணும். அம்மாவுக்கு ஒரு முழு வாக்கியம் எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். நான் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துவிடுவேன். தந்தி காலத்துத் தமிழ் மாதிரி இருக்கும். அம்மா படித்துவிடுவாள்.


வாசல்விளக்கு:

இங்கே எல்லோரும் போகிறவர்கள். நான் வீட்டில் இருப்பவள். என் கணவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. கருவியைப் பதிவு செய்யும்போது அவசரத் தொடர்பு என்ற கட்டத்தில் என் எண்ணைப் போட்டிருந்தார், அதை என்னிடம் சொல்லவில்லை.

இரவு 2 மணிக்குத் தெரியாத வெளிநாட்டு எண். எடுக்கவில்லை. திரும்ப வந்தது. அப்போதும் எடுக்கவில்லை, மோசடிக்காரர்கள் என்று நினைத்தேன். மூன்றாவது முறை என் நாத்தனாருக்குப் போனது, அவள் எடுத்தாள். கூட யார் இருக்கிறார்கள், வண்டி என்ன நிறம், என்ன மருந்து சாப்பிடுகிறார், எத்தனை நாள் தண்ணீர் எடுத்துப் போனார் என்று அவசர மையத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். மருந்தின் பெயர் எனக்குத்தான் தெரியும், அதைச் சொல்ல வேண்டிய நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். கடவுள் புண்ணியத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வெறும் நீர்ச்சத்துக் குறைவு.

அதனால் ஒற்றைத்தடம் அண்ணா, கருவி எதுவானாலும் வாங்குங்கள். அந்த மையத்தின் எண்ணை அண்ணியின் போனில் பெயரோடு பதிந்து வையுங்கள். வண்டி எண், நிறம், போகும் வழி, மருந்து எல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கருவி இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தில் புள்ளி நகரவில்லை என்றால் எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் 12 மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். முன்பெல்லாம் அவர் சாப்பிட நிறுத்தினால்கூட எனக்கு வயிற்றைக் கலக்கும், அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பேன். கருவி வாங்கியதால் நிம்மதி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த 12 மணி நேரம் பேசி வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.


உப்புக்காற்று:

அம்மா, இதை முதல் பதிலாகப் போட்டிருக்க வேண்டும். என் பிஎல்பி பதிவில் இருக்கும் எண் நான் விற்றுவிட்ட பழைய வீட்டுத் தொலைபேசி என்று இப்போதுதான் உறைக்கிறது. மாற்றப் போகிறேன்.


ஒற்றைத்தடம்:

எல்லோருக்கும் நன்றி. இரிடியத்தில் ஓடும் செய்திக் கருவி ஒன்றை வாங்கிவிட்டேன். வண்டியில் இறுக்கிக் கட்டிய சுருக்குப் பையில் ஒரு பிஎல்பியும் அடுத்த வருடம் சேரும், உப்புக்காற்று அண்ணனுக்காக. கூரைக்கு அடியில் வைத்து அனுப்பிய செய்தி மூன்றும் போகவில்லை, வெளியே வைத்ததும் இரண்டு நிமிடத்தில் போனது. கண்ணாடிக்கு அருகில் வைத்தால் எப்போதாவது போகிறது.

கருவியில் முன்கூட்டியே எழுதி வைக்கும் செய்திகள் மூன்றையும் நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து எழுதினோம். முதலாவது: "இன்று இங்கே தங்கல்." மூன்றாவது: "திட்டம் மாறியது, வரைபடத்தைப் பார்." இரண்டாவதை நான் "வண்டி கோளாறு, நான் நலம், தாமதமாகும்" என்று எழுதியிருந்தேன். அவள் பேனாவை வாங்கி அடித்துவிட்டாள். "நான் நலம்" முதலில் வர வேண்டுமாம். வண்டி கோளாறு என்று படித்த பிறகு மீதியைப் படிக்க அவளுக்குக் கண் தெரியாதாம். மாற்றிவிட்டேன்.